வேகம் வேண்டும் என்றால் எங்கே, எதில்? டர்பன் பையன்களுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டில் வேகம் பிடித்த பையன் ஒருவன் இருந்தால், “மெதுவாப் போப்பா” என்று சொல்லி அனுப்புவதோடு நம் பொறுப்பு முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவனும் தலையாட்டிவிட்டுப் போகிறான். ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறியதும் மிதிக்கிறான். வேகத்தின் ருசி கண்டவனிடம் அதை விட்டுவிடு என்று சொன்னால் காதில் ஏறாது. எங்கே ஓட்டுவது, எதில் ஓட்டுவது, என்ன செலவாகும் என்று பேச்செடுத்தால் உட்கார்ந்து கேட்பான்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் கேட்ட கேள்வியும் அதுதான். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. “மாமா, லிட்டர் பைக் எடுக்கட்டுமா, இல்ல இருக்கிற போலோவையே டியூன் பண்ணி ஓட்டட்டுமா?” என்றான். லிட்டர் பைக் என்றால் 1,000 சிசி எஞ்சின் உள்ள பைக்; போலோ அவனிடம் இருக்கும் வோக்ஸ்வாகன் கார். வார இறுதிகளில் ரேஸ் தடத்தில் மார்ஷலாகக் கொடி பிடிக்கிறவன் நான். அதனால் அவன் கேட்ட இரண்டோடு, கேட்காத சிலவற்றையும் சேர்த்து எடை போட்டுச் சொன்னேன். அவனைப் போல யோசிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால் அதையே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. வேகத்தின் கிளர்ச்சி மீட்டரில் தெரியும் எண்ணில் இல்லை. நேர்ச்சாலையில் 180 தொட்டதும் நெஞ்சு படபடக்கும், உண்மைதான். அரை நிமிடம் அதே வேகத்தில் போனால் உடம்பு பழகிவிடும். அப்புறம் அதே படபடப்புக்கு 200 வேண்டும், அடுத்த வாரம் 220 வேண்டும். வளைவில் கிடைப்பது வேறு. பிரேக்கை அழுத்தும்போது பெல்ட் மார்பை இறுக்குகிறது, வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு வருகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, பின்பக்கம் லேசாகிறது. அந்த இடைவெளியில் வண்டியைத் திருப்பி, எப்போது மறுபடி ஆக்சிலரேட்டரில் கால் வைப்பது என்று முடிவெடுக்கிறீர்கள். இது 80 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கும், எத்தனை முறை செய்தாலும் சலிக்காது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

சரி, லிட்டர் பைக்கிலிருந்து தொடங்குகிறேன். பையன்களின் கனவு அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை எம்4 சாலையில் பாலிட்டோ பக்கம் போகும் பைக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர், பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் போன்றவை ஏறத்தாழ 200 குதிரைத்திறன் உள்ள எந்திரங்கள். 1999-இல் சுசுகி ஹயபுசா வந்து 300-ஐத் தாண்டிய பிறகு, இந்தப் போட்டி எல்லை மீறுகிறது என்று பைக் நிறுவனங்களே தங்களுக்குள் பேசி 299-இல் நிறுத்திக்கொண்டன. ஆனால் கடைக்குப் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த 299 இல்லை. இப்படிப்பட்ட பைக் முதல் கியரிலேயே 150 வரை போகும். நம் தென்னாப்பிரிக்காவில் பெரிய ஹைவேயில் அனுமதி 120, ஊருக்கு வெளியே மற்றச் சாலைகளில் 100, ஊருக்குள் 60. அதாவது ஆறு கியருக்கும் காசு கொடுத்துவிட்டு, சட்டப்படி முதல் கியரைக்கூட முழுதாகத் தீர்க்க முடியாது. மீதியைத் தீர்க்க வேண்டுமென்றால் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட பைக்கை வாங்கிவிட்டு “நான் பொறுமையாத்தான் போவேன்” என்று அம்மாவிடம் சத்தியம் செய்வது நடக்காத காரியம்.

மீறினால் என்ன ஆகும் என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். சட்டம் ஒன்று. ஊருக்கு வெளியே அனுமதித்த வேகத்துக்கு மேல் 40 கிலோமீட்டருக்கு அதிகமாகப் போய்க் குற்றம் உறுதியானால், முதல் தடவையே உரிமம் குறைந்தது ஆறு மாதம் முடக்கப்படலாம். ஊருக்குள் அந்தக் கணக்கு 30 கிலோமீட்டர்தான். வேலைக்குக் காரில் போகிற பையனுக்கு ஆறு மாதம் உரிமம் இல்லை என்றால் பல நேரம் வேலையும் போகும்.

இன்னொன்று, சாலையில் நமக்கு முன்னால் யார் வருகிறார்கள் என்பது. இதைத்தான் நான் அதிக நேரம் பேசினேன். 120-இல் போகிற கார் நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 50 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 80 மீட்டர். மொத்தம் 130. அதே கணக்கில் 180-இல் போனால் நிற்க 250 மீட்டருக்கு மேல் வேண்டும், 240-இல் போனால் 400 மீட்டருக்கு மேல். இன்னொரு விதமாகப் பாருங்கள். 120-இல் வந்தவன் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை, 180-இல் வந்தவன் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறத்தாழ 150-இல் கடந்துகொண்டிருப்பான். அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆள் நிற்பான் என்பதுதான் நம் ஊர்ச் சாலைகளின் நிலைமை. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் சாலையில் சாகிறார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு நடந்து போனவர்கள். என்2-விலும் என்3-இலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மக்கள் ஹைவேயைக் குறுக்கே கடக்கிறார்கள். மினிபஸ் டாக்ஸி ஓரத்தில் நின்று ஆள் ஏற்றுகிறது. கீ ரிட்ஜ் ஏற்றத்தில் பாரலாரி ஊர்ந்துகொண்டிருக்கும், அதை முந்த இன்னொரு லாரி திடீரென்று வலப்பக்கம் வரும். டவுன் ஹில்லில் பனிமூட்டம் இறங்கினால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பைக்காரனுக்கு இன்னும் ஒன்று, வளைவில் லாரி சிந்திவிட்டுப் போன டீசல். 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக் பிடிக்காத லாரி டாக்ஸிகள் மேல் ஏறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே இறந்தவர்கள் யாரும் வேகமாக ஓட்டியவர்கள் இல்லை. சாலை என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாத மற்றவர்களும் இருக்கிற இடம். நம் திறமை எவ்வளவு இருந்தாலும் அவர்களை அது நிறுத்தாது.

இரவு ரேஸைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு மனமில்லை. பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் நள்ளிரவில் ரோபோவுக்கு ரோபோ (சிக்னலுக்குச் சிக்னல்) ஓட்டுகிற பையன்களை எல்லாருக்கும் தெரியும். பழைய சிட்டி கால்ஃப் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்திக் கொண்டுவருவார்கள், பந்தயப் பணம் இருக்கும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் நடைபாதையில் நிற்கும். அந்தக் கூட்டம்தான் எனக்குப் பயம். 2010 மார்ச்சில் சொவெட்டோவில் பாடகர் ஜப் ஜப்பும் இன்னொருவரும் மினி கூப்பர் காரில் பந்தயம் ஓட்டி, பள்ளி விட்டு நடந்து வந்த நான்கு மாணவர்கள் இறந்தார்கள், இன்னும் இருவர் மூளையில் அடிபட்டுப் பிழைத்தார்கள். முதலில் கொலைக் குற்றம் என்றே தீர்ப்பு வந்தது. 2014-இல் மேல்முறையீட்டில் அது அலட்சியத்தால் நேர்ந்த மரணமாக மாறி எட்டு ஆண்டு சிறையானது. எட்டு ஆண்டு என்றால் இருபது வயதுப் பையன் இருபத்தெட்டில் வெளியே வருவான். செத்துப்போன பிள்ளைகளின் வீட்டுக்கு அதுவும் இல்லை. என் மருமகனிடம் இந்த வழியை ஒப்பிடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி தடம். டர்பனிலிருந்து பக்கம் என்றால் தெற்குக் கடற்கரையில் போர்ட் ஷெப்ஸ்டன் அருகே இருக்கும் டேசி ரேஸ்வே. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நம் மாகாணத்துக்கே பெயர் வாங்கித் தந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் தடம் 1981-இல் மூடப்பட்டுவிட்டது. 1978, 1979 இரண்டு ஆண்டும் 250, 350 சிசி இரு பிரிவிலும் உலகச் சாம்பியனான கோர்க் பாலிங்டன் வளர்ந்த ஊர் அது. 2006 முதல் 2008 வரை டர்பன் கடற்கரைத் தெருக்களிலேயே ஏ1 கிராண்ட்பிரி கார் பந்தயம் நடந்தது, அதுவும் போய்விட்டது. அதனால் டேசி மாதிரி ஓர் இடம் இருப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

தடத்தில் பொதுமக்களுக்கான நாள் எப்படி நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. அது ரேஸ் இல்லை, யாரும் பரிசு வாங்குவதில்லை. காலையில் வண்டியைச் சோதிப்பார்கள். எண்ணெய் கசிகிறதா, பேட்டரி ஆடுகிறதா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, டயரில் பள்ளம் மிச்சம் இருக்கிறதா, ஹெல்மெட் சரியா என்று பார்ப்பார்கள். காருக்குள் கிடக்கிற தண்ணீர் பாட்டில், சார்ஜர், டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வோம். பிரேக் அடித்தால் பாட்டில் உருண்டு பெடலுக்கு அடியில் போகும். அப்புறம் எல்லாரையும் உட்காரவைத்துக் கொடிகளைச் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் எல்லாரும் வேகம் குறைத்து உள்ளே வா. கறுப்பு உன் ஒருவனுக்கு, வந்து பதில் சொல். புதியவர், பழகியவர், வேகமானவர் என்று பிரித்து, ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் விடுவார்கள். எதிரே யாரும் வரமாட்டார்கள், குறுக்கே யாரும் நடக்கமாட்டார்கள், ஆம்புலன்ஸ் எஞ்சின் சூடாக நிற்கும், வளைவுக்கு வெளியே வண்டி ஓடி நிற்க இடம் இருக்கும்.

போலோவை டியூன் பண்ண வேண்டுமா என்றால், வேண்டாம். குதிரைத்திறனைக் கூட்டும் முன் நிறுத்தும் பலத்தைக் கூட்ட வேண்டும். பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தடத்தில் நாலைந்து சுற்று முழுசாக பிரேக் அடித்தால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே புதுத் திரவம், நல்ல பிரேக் பேடு, நல்ல டயர் என்ற மூன்றுக்கும் பணம் போடுங்கள். எஞ்சினைத் தொடாதீர்கள். சாதாரண போலோவை நன்றாக ஓட்டுகிறவன், டியூன் பண்ணிய ஜிடிஐ என்ற வேகக் காரில் வருகிற அனுபவமில்லாதவனை வளைவுக்கு வளைவு நெருங்குவதைக் கொடி மேடையிலிருந்து நான் வழக்கமாகப் பார்க்கிறேன்.

தடத்திலும் ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கயலாமி தடத்தில் 1977 மார்ச்சில் கிராண்ட்பிரி நடந்தபோது, தீப்பிடித்த காரை அணைக்க 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு தடத்தைக் குறுக்கே ஓடினார். மேட்டைத் தாண்டி ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரேஸ் ஓட்டுநர் டாம் பிரைஸ் அவர் மேல் மோதினார். மார்ஷல் அங்கேயே இறந்தார், தீயணைப்பான் தலையில் அடித்து பிரைஸும் இறந்தார். மார்ஷலாக நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை தெரியும், தெரிந்திருக்க வேண்டும். அங்கேயும் உயிரை எடுத்தது வளைவு இல்லை, குறுக்கே ஆள் வந்ததுதான். அது நடக்கவே கூடாது என்றுதான் இன்றைய தட விதிகள் முழுக்க எழுதப்பட்டிருக்கின்றன.

பணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண கார் இன்சூரன்ஸ் தடத்தில் நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. நுழையும்போது நீங்களும் பொறுப்பு என் மேல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். கடன் பாக்கி இருக்கிற காரைத் தடத்தில் நசுக்கிவிட்டு மாதாமாதம் தவணை கட்டுவது கொடுமை. நசுங்கினாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய வண்டியைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

பைக்கில் தடத்துக்குப் போவது எப்படி என்றால், காரைவிடக் கிளர்ச்சி அதிகம், விழுவதும் அதிகம். ஆனால் எப்படி விழுகிறோம் என்பதில் சாலைக்கும் தடத்துக்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. சாய்ந்து திரும்பும்போது டயர் பிடி விட்டால் பைக் அடியிலிருந்து நழுவிப் போகும், ஓட்டுபவன் தாரில் சறுக்கிக்கொண்டே போவான். தடத்தில் தோல் உடை அந்தச் சறுக்கலைத் தாங்கும், சரளை மண் அவனை நிறுத்தும், எழுந்து மணலைத் தட்டிவிட்டு நடந்து வருவான். அதே விழுதல் பாலிட்டோ போகும் வழியில் நடந்தால் சறுக்கல் முடிகிற இடத்தில் இரும்புத் தடுப்பின் கால் இருக்கும், இல்லையென்றால் எதிரே வருகிற பக்கி (பிக்கப் வண்டி) இருக்கும். சறுக்கல் யாரையும் கொல்வதில்லை, அது முடிகிற இடம் கொல்கிறது.

பைக்தான் வேண்டும் என்று நிற்கிறவனுக்கு என் சிபாரிசு 300 முதல் 400 சிசி. கேடிஎம் ஆர்சி 390, நின்ஜா 400 மாதிரி. 125 சிசிக்கு மேல் போனாலே ஏ வகை உரிமம் வேண்டும், அதை முதலில் முறையாக எடுக்கட்டும். இந்தச் சின்ன பைக்கில் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகலாம், முழுக்கத் திருகுவது எப்படி என்று பழகலாம். வேகத்தில் இடப்பக்கம் திரும்ப இடக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்பதை மூளை நம்பாது, கை பழகினால்தான் நம்பும். லிட்டர் பைக்கில் அதைப் பழக நேரம் கிடைக்காது.

இப்போது யாரும் கேட்காத வழி, கூரையில்லாத குட்டிப் பந்தய வண்டியான கார்ட். “சின்னப் பசங்க விளையாட்டு மாமா” என்றான் மருமகன். வாடகைக் கார்ட் 60 கிலோமீட்டர்தான் போகும். ஆனால் தரைக்கும் உங்களுக்கும் நடுவே சில அங்குலம்தான், ஸ்பிரிங் கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. தாரின் ஒவ்வொரு சிராய்ப்பும் உள்ளங்கைக்கு வரும். பத்து நிமிடத்தில் முன்கை இறுகி விரல் மடங்காது. ரேஸ் கார்ட் என்றால் நூறைத் தாண்டும். கேம்பர்டவுன் பக்கம் இடுபே தடத்தில் அவற்றைப் பார்க்கலாம். 2016-இல் மோட்டோ3 பைக் பந்தய உலகச் சாம்பியனாகி, 2020-இல் செக் நாட்டில் மோட்டோஜிபி பைக் பந்தயம் வென்ற நம் பிராட் பைண்டரும் சிறுவயதில் கார்ட்டில் தொடங்கியவர்தான். ஒரு ரான்டுக்கு எவ்வளவு கிளர்ச்சி, எவ்வளவு பாடம் என்று பார்த்தால் இதை எதுவும் நெருங்காது. தவறான கோட்டில், அதாவது தவறான பாதையில், வளைவுக்குள் போனால் அடுத்த நொடியே சுழற்றிவிடும், பெரும்பாலும் அடியும் படாது. பயம் இல்லாமல் தப்புச் செய்யக் கிடைக்கிற ஒரே இடம் இது.

மற்றவை சுருக்கமாக. நேர்க்கோட்டில் 402 மீட்டர் ஓட்டும் டிராக் (drag) ரேஸ், நண்பர்கள் முன்னால் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைக்குச் சட்டப்படியான வடிகால். கேப்டவுனில் கில்லார்னி தடம் தெருப் பந்தயக்காரர்களுக்கே கதவைத் திறந்துவிட்டது நல்ல முன்மாதிரி. ஸ்பின்னிங் சொவெட்டோவில் பிறந்து 2014-இல் முறையான மோட்டார் விளையாட்டாக ஏற்கப்பட்டது. பழைய பிஎம்டபிள்யூ 325-ஐ அரங்கில் சுழற்றுகிறவர்களின் கை வேலை அபாரம், ஆனால் அது வேகத்தாகத்தைத் தீர்க்காது. வீட்டில் சிமுலேட்டர் வைத்துக்கொள்வது கோடு பழக உதவும், உடம்புக்கு எதுவும் தராது.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம். கயலாமி, ஸ்வார்ட்காப்ஸ், ரெட் ஸ்டார் எல்லாம் சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. புதுப்பித்த கயலாமி 4.522 கிலோமீட்டர், 16 வளைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும், ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். டர்பனிலிருந்து 570 கிலோமீட்டர் ஓட்டிப்போய், நாள் முழுக்கத் தடத்தில் இருந்துவிட்டு, அன்றிரவே வான் ரீனன் கணவாயில் தூக்கக் கண்ணோடு இறங்குவதை நான் ஒப்ப மாட்டேன். தங்கிவிட்டு வாருங்கள்.

ஆக என் மருமகனுக்கு நான் சொன்ன வரிசை இது. சில மாதம் கார்ட். அதற்குள் போலோவின் பிரேக்கும் டயரும் சரியாகட்டும். பிறகு டேசியில் புதியவர் பிரிவில், பக்கத்து இருக்கையில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் பைக் ஆசை தீரவில்லை என்றால் 400 சிசி, அதையும் தடத்தில் பழகி. லிட்டர் பைக் என்றாவது வாங்கினால் டிரெய்லரில் தடத்துக்குப் போகட்டும், சாலைக்கு வேண்டாம். பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. புது வண்டியை மவுண்ட் எட்ஜ்கூம் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போடுகிறோம், போட வேண்டியதுதான். அன்றே நல்ல ஹெல்மெட்டோ கார்ட் தடத்துக்குக் கட்டணமோ பையன் கையில் கொடுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், நம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, தடம் காய்ந்திருக்கும், எஞ்சினுக்கும் குளிர்காற்று பிடிக்கும். ஆனால் அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு தார் சில்லென்று இருக்கும், டயருக்குப் பிடிப்பு வர நேரமாகும். முதல் இரண்டு சுற்றும் பாதி வேகத்தில் போங்கள், மூன்றாவதில் தொடங்கலாம்.